பட்டியலில் இரண்டாமவர்

ஃபோல்க்மார் ரெட்டன்மையர் சமூகவியலும் தத்துவமும் படித்தவர். டாக்டர் பட்டம் வாங்கினார். அது போதாதென்று பல வருடம் உட்கார்ந்து இரண்டாவதாக ஒரு தடித்த ஆய்வையும் எழுதி முடித்தார். அதற்குக் கிடைத்த பரிசு, நெக்கர் ஆற்றங்கரைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உரிமை. உரிமை மட்டும்தான், சம்பளம் கிடையாது. நடத்தாமல் விட்டால் அந்த உரிமையும் போய்விடும். ஆகவே திங்கட்கிழமைதோறும் சும்மாவே நடத்தினார். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அந்தப் பிழைப்பு. வீடு ஓடியது மருந்துக்கடை வைத்திருந்த மனைவி ஹில்ட்ரூட்டின் சம்பாத்தியத்தில்.

அந்தத் தடித்த ஆய்வு, ஒரே கட்டிடத்தில் குடியிருப்பவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்பதைப் பற்றியது. அதற்காக அவர் தூரதேசம் போகவில்லை. அவர்கள் கட்டிடத்தில் வாரம் ஒரு வீட்டார் படிக்கட்டைக் கூட்ட வேண்டும். யார் முறையோ அவர் கதவுப் பிடியில் ஒரு மரப்பலகை தொங்கும். கீழ்வீட்டு ஷ்லாட்டர்பெக் அம்மாள் அந்தப் பலகைக்குக் காவல் தெய்வம்.

"டாக்டர் சார், மூலையில தூசி அப்படியே நிக்குது."

"இன்னும் முடிக்கலைம்மா."

"ரெண்டையும் சேத்துத்தான் சொல்றேன். எப்பதான் புரொஃபசர் ஆவீங்க? மருமகன் கேக்குறான். நான் என்னத்தைச் சொல்ல?"

"கூட்டி முடிச்சிட்டு வந்து சொல்றேன்."

ஒரு பேராசிரியர் நாற்காலி காலியானால் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டுப் பேச வைப்பார்கள். 'பாடிக்காட்டப் போவது' என்றே அதற்குப் பெயர். பிறகு மூன்று பேரை வரிசைப்படுத்துவார்கள். முதலாமவர் வேண்டாமென்றால்தான் இரண்டாமவருக்கு அழைப்பு. ஃபோல்க்மார் பாடாத ஊர் இல்லை. எங்கே போனாலும் இரண்டாவது, மூன்றாவது. நன்றாகப் பேசினார் என்று எல்லோரும் சொன்னார்கள், எடுத்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

கடைசியாக வடக்கே ஒரு துறைமுக நகரம் கூப்பிட்டது. பேசி முடித்ததும் மாணவர்கள் விரல் முட்டியால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் நாட்டு அரங்குகளில் பேச்சு பிடித்தால் கைதட்ட மாட்டோம், தட்டினால் மேசைதான். ஊர் திரும்பும் ரயிலில் அவருக்கு அந்தச் சத்தம் காதிலேயே இருந்தது. நவம்பரில் முடிவு வந்தது. இரண்டாவது. முதலாவதாக வந்தவன் யென்ஸ் ப்ரோய்னிங், ஒரு காலத்தில் அவருடைய திங்கட்கிழமை வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன். தெற்கே ஏற்கெனவே அவனுக்கு ஒரு நாற்காலி இருந்தது.

இதில் இன்னொரு இடி. ஐம்பத்திரண்டு தாண்டியவரை அந்த மாநிலத்தில் நிரந்தரப் பதவியில் அமர்த்த மாட்டார்கள். ஃபோல்க்மாருக்கு ஜூனில் ஐம்பத்திரண்டு முடிகிறது. அதற்குள் யென்ஸ் வேண்டாமென்று சொன்னால் வாழ்க்கை. சொல்லாவிட்டால் சாகும்வரை திங்கட்கிழமை.

அழைப்பு வந்தவர் உடனே பதில் சொல்லிவிட்டால் அவர் மட்டி என்று அர்த்தம். உதவியாளர் எத்தனை பேர், அறை எத்தனை, புத்தகத்துக்கு எவ்வளவு என்று பேரம் பேச வேண்டும். அந்த அழைப்புத் தாளை எடுத்துக்கொண்டு சொந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போய், "அங்கே இவ்வளவு தர்றாங்க, நீங்க?" என்று அங்கேயும் பேச வேண்டும். இதெல்லாம் ஊரறிந்த வழக்கம். இரண்டாமவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. கேட்பது அநாகரிகம்.

ஃபோல்க்மார் ஏப்ரல் வரை நாகரிகமாக இருந்தார். பிறகு வெட்கத்தை விட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"யென்ஸ், நீ போறியா இல்லையா?"

"பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு சார்."

"எனக்கு ஜூன்ல ஐம்பத்திரண்டு முடியுது. உனக்கே தெரியும்."

"தெரியும் சார். ஆனா போற எண்ணத்துலதான் இருக்கேன். மனசு மாறினா உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவேன். ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கக் கூடாதா?"

ஆறிப்போய் நெடுநாள் ஆகிவிட்டது என்று சொல்ல நினைத்தார். நன்றி சொல்லிவிட்டு வைத்தார். தன் மேலேயே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூனில் ஹில்ட்ரூட் ஸ்ட்ராபெரி கேக் செய்தாள். இருவரும் அதைத் தின்று முடித்தார்கள். ஜூலையில் யென்ஸ் வடக்கு வேண்டாமென்றான். தெற்கே அவனுக்கு இரண்டு உதவியாளர்கள் கூடுதலாகக் கிடைத்திருந்தார்கள். இரண்டாமவருக்கு வயது தாண்டிவிட்டது, மூன்றாமவர் அதற்குள் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டார் என்று துறைமுக நகரம் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி விளம்பரம் கொடுத்தது. இலவு காத்த கிளிக்காவது கடைசியில் பஞ்சு பறப்பதைப் பார்க்கக் கிடைத்தது. இவருக்கு யென்ஸ் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"அவன் வீட்டு ஜன்னல்ல கல்லை விட்டு எறியணும்," என்றாள் ஹில்ட்ரூட்.

"அவன் முறைப்படிதான் நடந்துக்கிட்டான்."

"உன் முறையைத் தூக்கி நெக்கர்ல போடு. மத்தவன் முறையைப் பத்திப் புத்தகம் எழுதி எழுதியே நீ அதுக்குக் கொத்தடிமை ஆயிட்ட."

அடுத்த குளிர்காலம் அந்தத் துறைமுக நகரத்திலிருந்தே ஒரு தடித்த உறை வந்தது. புதிய சுற்றில் மூன்று பேர் தேறியிருக்கிறார்கள், தங்களைவிடத் தகுதியான மதிப்பீட்டாளர் இல்லை, அருள்கூர்ந்து வரிசைப்படுத்தித் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நாற்காலியில் உட்காரத் தகுதியில்லாத ஆளுக்கு, அதில் யார் உட்காரலாம் என்று சொல்ல மட்டும் தகுதி வந்துவிட்டது. உறையைச் செருப்பு அலமாரியின் மேல் வீசினார். வாரக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது. கடைசியில் அந்தத் துறைத் தலைவரே தொலைபேசியில் வந்தார்.

"ரெட்டன்மையர் சார், மதிப்பீடு எந்த நிலைமையில இருக்குன்னு..."

"பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு."

"யாரோட சார்?"

"என்னோடயேதான்."

எத்தனையோ வருடங்களில் ஃபோல்க்மார் அவ்வளவு சந்தோஷமாகத் தொலைபேசியை வைத்ததில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு கோப்பை காப்பி தீரும் வரைக்கும் தாங்கியது.

உறையைப் பிரித்தார். முதல் ஆள் நாற்பது வயது, புத்திசாலி, எங்கேயோ நாற்காலி இருந்தது. இரண்டாவது ஆளும் அப்படித்தான். மூன்றாவது வீப்கே லூடர்ஸ் என்ற பெண். மீன்பிடிப் படகுகளில் வேலை பார்ப்பவர்கள் ஒருவரையொருவர் எப்படி நம்புகிறார்கள் என்று எழுதியிருந்தார். நல்ல எழுத்து, கொஞ்சம் இழுவை. பிறந்த வருடத்தைப் பார்த்தார். வயது ஐம்பத்தொன்று. சம்பளமில்லாமல் பாடம் நடத்தும் உரிமை உள்ளவர் என்று கண்டிருந்தது.

வெளியே ஷ்லாட்டர்பெக் அம்மாள் கதவைத் தட்டினார். "டாக்டர் சார், பலகை உங்க கதவுல தொங்குது. படி அப்படியே கெடக்கு."

"கெடக்கட்டும்மா. எனக்கு வேலை இருக்கு."

அந்தக் கட்டிடத்தில் அப்படி ஒரு பதிலை யாரும் சொன்னதில்லை. அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். ஃபோல்க்மார் தட்டச்சுப் பொறியை இழுத்து வைத்துக்கொண்டு, முதல் இடம் லூடர்ஸுக்கு என்று அடித்தார். படகுகளைப் பற்றி இரண்டு பக்கம் புகழ்ந்தார், இழுவையைப் பற்றி ஒரு வரி நேர்மையாக எழுதினார். அதன் கீழே, எந்த மதிப்பீட்டிலும் யாரும் எழுதத் துணியாத காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்:

"இவர் பேரம் பேச மாட்டார். பேரம் பேச இவர் கையில் எதுவும் இல்லை."