அட்டையில் இருந்த முகம்

கோடை முடியும் சமயத்தில் எங்கள் உழவர் சந்தைக்குப் போனால் எதையாவது வாங்காமல் எனக்குக் கை நிற்காது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் கடைசி மாம்பழங்களை வாங்கிக்கொண்டு, நாவல் பழம் குவித்திருந்த ஒரு கடைமுன் நின்றேன். விற்ற அம்மாவின் கழுத்தில் விவசாயி அடையாள அட்டை தொங்கியது. அதில் ஓர் ஆணின் படம்.

விவசாயிகள் மட்டுமே விற்கவேண்டிய இடம் அது. வியாபாரிகள் அடுத்தவர் அட்டையோடு நுழைவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். "ஏனுங்க, இது யாரு அட்டைங்க?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன். சந்தை அதிகாரியும் வந்துவிட்டார்.

"எங்கூட்டுக்காரருதுங்க. தை மாசம் தவறிப்போயிட்டாருங்க. இந்தப் பழம் காய்ச்ச மரம்கூட அவரு வெச்சதுதானுங்க" என்றார் அந்த அம்மா. "பேரை மாத்தோணும்னு தெரியுமுங்க. இது கழுத்துல கெடந்தா, அவருகூடச் சந்தைக்கு வாரமாதிரியே இருக்குதுங்க."

அதிகாரி குரலைத் தணித்துக்கொண்டு, "சீக்கிரம் மாத்திருங்கம்மா" என்றார். நான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, உடுங்க கண்ணு" என்று என் பையில் ஒரு கை பழத்தைக் கூடுதலாகவே அள்ளிப் போட்டார்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது அவர் கழுத்தில் புது அட்டை. அதில் அவருடைய முகம். என்னைப் பார்த்ததும் அதைத் தூக்கிக் காட்டி, "இப்பச் சரிங்களா?" என்றார். குத்தலே இல்லை, நிஜமாகவே கேட்டார். நானும் தலையாட்டினேன்.

விதிப்படி நான் கேட்டது சரிதான். ஆனால் வீட்டுக்காரரோடு சந்தைக்கு வந்துகொண்டிருந்தவரை, தனியாக வரவைத்துவிட்டேன்.