பச்சைக் குடத்தின் ஆட்சி

செங்கொடிக்குச் சண்டை வரும், எதிர்க்கருத்து வராது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா, சங்க ஊர்வலத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து வைத்த பெயர் அது. ஒரு விஷயம் சரி என்று அவளுக்குப் பட்டுவிட்டால் அதோடு முடிந்தது. அதற்கு இன்னொரு பக்கமும் இருக்கும் என்று தோன்றவே தோன்றாது. தண்டையார்பேட்டை குடோனில் பில் போடுவதற்கு அந்தக் குணம் போதுமானதாக இருந்தது. அஞ்சல்வழிப் பட்டப்படிப்புக்குப் போதவில்லை.

மற்ற தாள்களிலெல்லாம் எப்படியோ தேறிவிட்டாள். ‘ஜனநாயகமும் அரசாங்கமும்’ மட்டும் அரியராக நின்று உயிரை எடுத்தது. ‘ஜனநாயகமே சிறந்த ஆட்சிமுறை – விவாதி’ என்று கேள்வி வரும். ‘ஆம்’ என்று தொடங்கி அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு, மணி அடிக்கும் வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு தடவை இப்படியே போனது.

குடோனில் சூப்பர்வைசர் நாற்காலி காலியாக இருந்தது. டிகிரி வாங்கினால் அவளுக்கு. இல்லையென்றால் முதலாளியின் மச்சான் மகன் ரெஜிக்கு. முதலாளி தேவப்பிரியம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். “இந்தத் தடவயும் பெயிலுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா. வீட்டுல நெருக்குதாவ” என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். ரெஜி அந்த நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்து சுழன்று பார்க்க ஆரம்பித்திருந்தான்.

எதிர்க்கருத்து வேண்டுமென்றால் எதிராளி வேண்டும். வியாசர்பாடியில் செங்கொடி இருந்த பிளாக்கில் கெங்கம்மா இருந்தாள்.

அந்த பிளாக்கில் தண்ணீர் லாரிக்கு ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, குடங்கள்தான் நிற்கும். காற்றில் உருளாமல் இருக்க உள்ளே ஒரு கல்லைப் போட்டு நிறுத்திவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போவார்கள். ஒருவர் குடத்தைக் காலால் தள்ளினால் அந்த ஆளையே தள்ளியதாக அர்த்தம். லாரி வந்ததும் டியூபைக் கையில் எடுப்பவள் கெங்கம்மா. யாருக்கு எத்தனை குடம், யாருக்கு இன்றைக்கு இல்லை என்பதெல்லாம் அவள் வாய்ச்சொல்தான்.

“அக்கா, ஜனநாயகம் ஏன் வேணான்னு சொல்லேன். பரிட்சைக்கு” என்றாள் செங்கொடி.

“அது இன்னாத்துக்கு? நான் கீறேன், தண்ணி வருது. ஓட்டு போட்டா லாரி சீக்கிரம் வந்துடுமா?”

“எல்லாரையும் கேட்டு செய்யணும் இல்ல?”

“கேட்டுகினே இருந்தா லாரிக்காரன் பூடுவான்மே.”

செங்கொடி அதை அப்படியே நோட்டில் குறித்துக்கொண்டாள். ஆனால் பின்னால் நின்ற பெண்கள் காதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்திருந்தது. ஓட்டு! சாயங்காலத்துக்குள் மாடிப்படி கைப்பிடியில் தோரணம் தொங்கியது. கீழ்வீட்டுக் கெங்கம்மாவை எதிர்த்து மாடிவீட்டுப் பூவம்மா நின்றாள். வீட்டில் அரசியல் புத்தகம் இருந்த பாவத்துக்குச் செங்கொடி தேர்தல் அதிகாரி ஆனாள்.

வாக்களிக்கும் முறை எளிது. வேட்பாளர் குடத்தில் ஒரு கல் போட வேண்டும். கெங்கம்மாவுக்கு நீலக் குடம், பூவம்மாவுக்கு சிவப்பு. இரண்டுக்கும் நடுவே, வரிசையின் தலைமாட்டில், எப்போதும் நிற்கும் பச்சைக் குடம் நின்றது. அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. யாருடையதோ என்கிற பயத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை.

தேர்தல் பட்டப்பகலில், எல்லார் கண்ணெதிரிலும் நடந்தது. கெங்கம்மாவுக்குப் போட்டால் மாடியிலிருந்து கலீஜ் தண்ணீர் தலையில் விழும். பூவம்மாவுக்குப் போட்டால் டியூப் வேறு பக்கம் திரும்பும். ஒவ்வொருவராக வந்தார்கள், கல்லோடு கொஞ்ச நேரம் தவித்தார்கள், நடுவில் இருந்த பச்சைக் குடத்தில் போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தார்கள். கடைசியில் நீலத்தில் ஒரு கல், சிவப்பில் ஒரு கல், வேட்பாளர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்டவை. பூவம்மாவின் புருஷனும் பச்சைக்கே போட்டிருந்தான்.

வேட்பாளருக்கு உயிர் இருக்க வேண்டும் என்று செங்கொடியின் பாடப்புத்தகத்தில் எங்கேயும் போட்டிருக்கவில்லை. புரட்டிப் பார்த்துவிட்டு முடிவை அறிவித்தாள். குடத்துக்கு மாலை விழுந்தது.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஆட்சி. குடம் யாரையும் திட்டவில்லை, யாருக்கும் சலுகை காட்டவில்லை. சண்டை போட்டுக்கொண்டு அதன்முன் வந்து நின்றவர்கள், அது பேசாமல் இருந்ததைப் பார்த்து அலுத்துப்போய்த் திரும்பினார்கள். ஒரே சிக்கல், அதன் மௌனத்துக்கு யாராவது அர்த்தம் சொல்ல வேண்டியிருந்தது. கெங்கம்மா தானாக முன்வந்தாள். “கொடம் ஒத்துக்கல,” “கொடம் யோசிச்சிகினு கீது” என்று நாளுக்கொன்று சொன்னாள். டியூப் பழையபடி அவள் கைக்கே வந்தது. “கொடம் அப்டி சொல்லவே இல்ல” என்று பூவம்மா மாடியிலிருந்து கத்தினாள், அவள் எதிர்க்கட்சி.

செங்கொடி வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள். முன்பாவது ‘ஆம்’ வந்தது. இப்போது அதுவும் வரவில்லை.

பரீட்சை அன்று காலை, ஹால் டிக்கெட்டோடு அவள் படியிறங்கி வரும்போது கீழே கலவரம். மனோகரன் என்று ஒருவர், முன்பு அதே பிளாக்கில் குடியிருந்தவர், மாலையோடு பச்சைக் குடத்தை இடுப்பில் வைத்திருந்தார்.

“தலைவர எங்க இஸ்துகினு போற?” கெங்கம்மா குடத்தின் கழுத்தைப் பிடித்திருந்தாள்.

“தலைவரா? இது எம் பொண்டாட்டி வாங்கின கொடம்மா! பெரும்பாக்கத்துக்கு வூடு மாறி போறப்ப மறந்து வெச்சிட்டு பூட்டோம். அவ இன்னும் அதையே சொல்லி பேஜாரு பண்ணிகினு கீறா.”

“குடுத்து அனுப்புங்கடி, ஆட்சி ஒழியட்டும்” என்றாள் பூவம்மா.

அப்புறம் எல்லாரும் செங்கொடியைப் பார்த்தார்கள். “அதிகாரி கீது இல்ல? நீ சொல்லுமே!”

ராயபுரம் பஸ் வரும் நேரம். ஒரு பக்கம் பேசினால் மறுபக்கம் வழிவிடாது. செங்கொடி வாயைத் திறந்தாள்.

“கொடம் அவரோடது. நம்மகிட்ட கேக்காமயே எடுத்துனு போலாம். ஆனா உள்ள கீற கல்லு நம்மளோடது. அவரு கொடத்த எடுத்தா நம்ம ஓட்டும் போவுது. எடுக்க உடலன்னா நாம திருடங்க. ஜனங்க திருடி வெச்ச தலைவரு தலைவரா? அப்டி பாத்தா, ஆளில்லாத கொடத்துக்கு நாம ஏன் ஓட்டு போட்டோம்? பயந்துகினு. பயந்து போட்டாலும் ஓட்டு ஓட்டுதானே?”

கூட்டம் முதலில் தலையாட்டியது. பிறகு தங்களுக்குள் பிய்த்துக்கொண்டது. அவள் இடுக்கு வழியாக நழுவி ஓடினாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நிற்கும்போதுதான், தான் என்ன செய்தோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

கேள்வி அதேதான். செங்கொடி ‘ஆம்’ என்று எழுதவில்லை. ‘இருக்கலாம்’ என்று தொடங்கினாள். அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. கெங்கம்மா ‘அனுபவமிக்க நிர்வாகி’ ஆனாள், பச்சைக் குடம் ‘நடுநிலை வகிக்கும் நாட்டுத் தலைவர்’ ஆனது, மனோகரனின் மனைவிக்குச் சொத்துரிமை என்று ஒரு பத்தியே போனது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கூடுதல் தாள் கேட்டாள். கண்காணிப்பாளர் ஜானட் தாளை நீட்டிவிட்டு, அது தீருமுன் அவள் மறுபடி கை தூக்கியதைப் பார்த்து, “இன்னுமாம்மா?” என்றார். தாள்களை நூல் கோத்துக் கட்டும்போது மணி அடித்துவிட்டது. முடிவுரை எழுதவில்லை.

திரும்பி வந்தபோது பச்சைக் குடம் இல்லை. கற்களைக் கொட்டிவிட்டு, தண்ணீர் நிரப்பி, மனோகரனை மரியாதையாக அனுப்பி வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு செங்கல், அதே மாலையோடு. “எடக்கால ஏற்பாடு” என்றாள் தோளில் டியூபோடு கெங்கம்மா.

ரிசல்ட் வந்தது. மயிரிழையில் பாஸ். தனக்கேற்றபடி உயரம் திருகி வைத்திருந்த நாற்காலியிலிருந்து ரெஜி மெதுவாக எழுந்தான்.

அன்று சாயங்காலம் செங்கொடி குடத்தோடு இறங்கி வந்தாள்.

“பாஸாமே? என்னியப் பத்தி எழுதுனியா?” என்றாள் கெங்கம்மா.

“எழுதுனேன்க்கா.”

“நல்லதா, கெட்டதா?”

“ரெண்டும்.”

கெங்கம்மா குனிந்து செங்கல்லைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“செங்கல்லு ஒத்துக்கல” என்றாள். “நல்லத மட்டும் வெச்சிகினு மீதிய அடிச்சிட்டு வர சொல்லுது.”