ஹாம்பர்க் சுகிர்தத்தின் கேசட்டுகள்

சுகிர்தம் பதினோரு வருஷம் ஜெர்மனியில் நர்ஸாக இருந்துவிட்டு 1984-ல் தென்காசியை அடுத்த மேலகரத்துக்குத் திரும்பி வந்தபோது, அவள் பெட்டிகளைத் திறப்பதைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் சுரண்டையிலிருந்துகூட பஸ் ஏறி வந்திருந்தார்கள். சென்ட், சோப்பு, ஜார்ஜெட் சேலை என்று ஆளுக்கு ஒரு கனவோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முதல் பெட்டியில் கம்பளிக் கோட்டும் நர்ஸ் செருப்பும் இருந்தன. இரண்டாவதில் ஒரு வீடியோ டெக். மற்ற இரண்டிலும் வாய்வரைக்கும் கேசட்டுகள்.

“இது பூரா என்னக்கா?” என்றான் தம்பி ஞானதிரவியம்.

“படம்.”

“யாரு நடிச்சது?”

“உனக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் நடிக்கல.”

ஹாம்பர்க்கில் அவள் அந்தப் படங்களைப் பார்க்கத் தொடங்கியது ஜெர்மன் படிக்கத்தான். போலந்து, ஹங்கேரி, ஜப்பான் படங்களை அங்கே டி.வி.யில் ஊர் அடங்கிய பிறகு போடுவார்கள். அவற்றில் பேச்சு குறைவு. அடியில் ஓடும் எழுத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் கிடைக்கும். ஆறு மாதத்தில் எழுத்தை மறந்துவிட்டு முகங்களைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். பிறகு ஒரு டெக் வாங்கி, டூட்டிக்குக் கிளம்புமுன் நேரம் குறித்து வைத்துப் பதிவு செய்தாள். கூட இருந்த நர்ஸுகள் லீவு விட்டால் பாரிசுக்கும் ரோமுக்கும் போனார்கள். இவள் வெற்றுக் கேசட் வாங்கினாள். படங்களின் சொந்தப் பெயர்கள் வாயில் நுழையாததால் தானே தமிழில் பெயர் வைத்து ஒட்டினாள். ‘குதிரை செத்த வீடு’, ‘ஏரிக்கரை அம்மா’, ‘ரயில் வராத ஸ்டேஷன் மாஸ்டர்’.

தென்காசிப் பக்கம் அப்போது டி.வி. பெட்டியில் புள்ளிதான் தெரியும். ஆகவே டெக் உள்ள வீட்டுக்குக் கூட்டம் வருவது நியாயம். வந்த ஞாயிற்றுக்கிழமையே சித்தப்பா பெண்டாட்டி, மாமா மக்கள் எல்லாரும் முறுக்கோடு வந்து உட்கார்ந்தார்கள். சுகிர்தம் ‘குதிரை செத்த வீடு’ போட்டாள். ஒரு கிழவன் உருளைக்கிழங்கு உரித்தான். உரித்துக்கொண்டே இருந்தான்.

“குதிர எப்பம்மா சாவும்?” என்று கேட்டாள் சித்தி.

“படம் ஆரம்பிக்க முந்தியே செத்துப்போச்சு சித்தி.”

சித்தி முறுக்கை மடியில் கட்டிக்கொண்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். சுகிர்தம் கதவைக் கூடச் சாத்தவில்லை. வார்டில் சொந்த அப்பன் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போது காப்பி ஆறிப்போகிறது என்று எழுந்து போனவர்களையெல்லாம் பார்த்தவள் அவள். இவர்கள் எந்த மூலைக்கு?

ஞானதிரவியத்துக்குத்தான் மனசு ஆறவில்லை. டெக்கை வாடகைக்கு விடலாம், கல்யாண வீடுகளில் ஷோ நடத்தலாம் என்று திட்டம் வைத்திருந்தான். அக்கா மறுத்துவிட்ட எரிச்சலில், தென்காசி பஜாரில் டீ குடிக்கும் இடமெல்லாம், “எங்கக்கா பெட்டி பெட்டியா ஃபாரின் படம் வச்சிருக்கு. சென்சாரே கிடையாது” என்று சொல்லித் திரிந்தான். அதில் கடைசி வார்த்தை மட்டும் வக்கீல் சங்கரசுப்பிரமணியன் காதில் போய் விழுந்தது.

வக்கீல், குற்றாலம் சீசன் ரசிகர் மன்றத்தின் தலைவர். எதற்கு ரசிகர் என்று யாரும் கேட்டதில்லை. சாரல் விழுந்துவிட்டால் ஐந்தருவி ரோட்டில் ஒரு பங்களா எடுத்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, தின்று, தூங்கி எழுந்து, மைக் பிடித்துப் பேசுவார்கள். 1985 ஜூலையில் அவர் மேலகரத்துக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“உலக சினிமாவ நம்ம பக்கம் கொண்டாரணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆச, சிஸ்டர்.”

“எந்தப் படம் வேணும்?”

“கலையம்சமா ஒண்ணு. கத்திரி போடாம இருந்தாத்தான் ஒரிஜினல் ரசனை தெரியும், பாத்துக்கிடுங்க.”

“பொம்பள துணியில்லாம வாறதா?”

வக்கீலுக்குப் புரை ஏறியது. சுகிர்தம் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். உடுப்பில்லாத ஆண்பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் துடைத்துவிட்டவளுக்கு இவரிடம் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

“அப்படி ஒண்ணு இருக்கு. ஒரு பொம்பளைய முழுசாக் குளிப்பாட்டுதாங்க. எதையும் மறைக்கல.”

“அப்பம் கார் அனுப்புதேன், கேசட்ட மட்டும் குடுத்து விடுங்க. லேடீஸ் யாரும் வரமாட்டாங்க, உங்களுக்குச் சங்கடமா இருக்கும்.”

“கேசட் வந்தா நானும் வருவேன். பாஷ தெரியாம என்னத்தப் பாப்பீங்க?”

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் டெக்கை மடியில் வைத்துக்கொண்டு அம்பாசிடரில் போய் இறங்கினாள். பங்களாக் கூடம் நிறைய ஆட்கள். வக்கீல்கள், ஒரு ரிட்டயர்டு தாசில்தார், செங்கோட்டை மர வியாபாரிகள் இரண்டு பேர். எல்லார் மேலும் எண்ணெய் வாசனை. வீட்டுப் பெண்களைக் கோவிலுக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, சின்னப் பையன்கள்போல ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுகிர்தம் முன் நாற்காலியில் உட்கார்ந்து ‘ஏரிக்கரை அம்மா’வைப் போட்டாள்.

உறைந்த ஏரி. அதன் கரையில் ஒரு வீடு. டவுனிலிருந்து மகள் வருகிறாள். அடுப்பில் அண்டாவை ஏற்றி வெந்நீர் வைக்கிறாள். வெந்நீர் கொதிக்கிற நேரம் வரைக்கும் படம் அடுப்பையே காட்டியது. மர வியாபாரி ஒருவர், “வென்னி போட்டாச்சு, இனி குளிதான்” என்றார். கூடத்தில் இருமல்கள் அடங்கின. தாசில்தார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

மகள் உள்அறைக் கதவைத் திறந்தாள். மேஜையில் அவளுடைய அம்மா செத்துக் கிடந்தாள். எண்பது வயது இருக்கும். மகள் துணியை விலக்கி, தொங்கிப்போன வயிற்றையும் வற்றிய மார்பையும் வெந்நீரில் துண்டை நனைத்து மெல்லத் துடைத்தாள். எதையும் மறைக்கவில்லை. மகள் ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். சுகிர்தம் அதைச் சத்தமாகத் தமிழில் சொன்னாள்: “கைய மடக்காத, அம்மா.”

 பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

“யோவ் வக்கீலு, எழவு வீட்டுக்குல்லா கூட்டியாந்துட்டீரு!”

நாற்காலிகள் இழுபட்டன. “சாவப் பாத்தாச்சு, முழுகாம எப்படி இருக்க?” என்று ஆளாளுக்குத் துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்கு ஓடினார்கள். படம் முடியும்போது கூடத்தில் இருந்தது சுகிர்தமும், வேறு வழியில்லாத தலைவரும்தான்.

அவர்கள் முகம் போன போக்கை நினைத்து அவள் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. கடைசிப் பகுதிக்கு ஒருத்தராவது இருப்பார் என்று உள்ளுக்குள் நம்பியிருந்தது தெரிந்ததும் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அந்தப் பலவீனத்தில்தான், வீட்டு வாசலில் இறங்கும்போது, காரில் கூட வந்த வக்கீல் “கேசட் ரெண்டு நாளு இருக்கட்டும் சிஸ்டர், அமைதியா ஒருக்கப் பாக்கணும்” என்றதும் கொடுத்துவிட்டாள். ஒருவேளை என்று நினைத்தாள். அவர் தேடியது, அவள் காட்டாமல் தாண்டி ஓட்டிவிட்டதாக அவர் சந்தேகப்பட்ட வேறு ஏதோ காட்சியை.

கேசட் திரும்பி வரவில்லை. ஆவணியில் வக்கீல் மகள் பாலாம்பாளுக்குக் கல்யாணம் நடந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த வீடியோக்காரரிடம் தாலி கட்டுமுன் கேசட் தீர்ந்துபோக, வக்கீல் வீட்டு அலமாரியில் கிடந்ததை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். மேலே பதிவு செய்ய முடியாதபடி கேசட் ஓரத்துப் பிளாஸ்டிக்கைச் சுகிர்தம் உடைத்துத்தான் வைத்திருந்தாள். அந்த ஓட்டையைச் செல்லோடேப் ஒட்டி அடைத்து, அதன்மேல் கல்யாணத்தைப் பிடித்துவிட்டார்கள்.

விஷயம் தெரிந்து அவள் வக்கீல் வீட்டுக்கே போனாள்.

“ஒரு கேசட்டுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? புதுசா ரெண்டு வாங்கித் தாரேன்.”

“சரி. உங்க அம்மா போட்டோ மேல சுண்ணாம்ப அடிச்சிட்டு, வெள்ளத்தாள் ரெண்டு தாரேன். வாங்கிக்கிடுவீங்களா?”

“எங்கம்மாவும் அந்த வெள்ளக்காரக் கெழவியும் ஒண்ணா?”

“இல்ல. அவளுக்கு மக ஒழுங்கா அமைஞ்சா.”

அதற்குப் பிறகு, நர்ஸம்மாவுக்குக் குளிர் நாட்டில் மூளை உறைந்துவிட்டது என்று கோர்ட்டு வளாகத்தில் பேசிக்கொண்டார்கள்.

தீபாவளிக்கு அப்பா வீட்டுக்கு வந்த பாலாம்பாள் ஒருநாள் காலையில் தனியாக மேலகரத்துக்கு வந்தாள். பட்டுச் சேலைக்குள் மெலிந்த பெண். பையிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்து வைத்தாள்.

“இது உங்களுதுதான, அக்கா? என் கல்யாணத்த அழிச்சிட்டு நீங்களே வச்சுக்கிடுங்க.”

“என்ன, மாப்பிள்ள சரியில்லையா?”

“அதுக்கில்ல. கேசட்டுல பந்தி முடிஞ்சதும் நிப்பாட்டாம ஓடவிட்டேன். திடீர்னு பனி வந்துச்சு. ஒருத்தி ஐஸ் மேல ஒரு பெட்டிய இழுத்துட்டுப் போறா. அவுக அமத்தச் சொன்னாக. நா அமத்தல. பெட்டில யாரு?”

“உங்க அப்பாகிட்டக் கேளு. அவருதான தலைவரு.”

“கேட்டேன். வெறகுன்னாக.” அவள் சிரிக்காமல் சொன்னாள். “வெறகுன்னா நடுவுல நின்னு அதுமேல தலைய வச்சு ஏன் படுக்கா?”

 சுகிர்தம் உள்ளே போய்க் காப்பி போட்டு எடுத்து வந்து, அழிந்துபோன படத்தை வெந்நீர் அண்டாவிலிருந்து தொடங்கிச் சொன்னாள். சொல்லும்போதுதான் எத்தனை காட்சிகள் தனக்கும் மறந்துவிட்டன என்று தெரிந்தது. அந்தத் துக்கம் பெரிதாக இருந்தது. பாலாம்பாள் கடைசிவரைக்கும் உட்கார்ந்து கேட்டாள்.  கிளம்பும்போது சுகிர்தம் கேசட்டை அவள் பையிலேயே திரும்பப் போட்டாள்.

“அழிச்சது போதும். கொண்டு போ.”

1987 சீசனில் ரசிகர் மன்றத்துக்கு ஆண்டு விழா வந்தது. ஞானதிரவியம்தான் பந்தல் காண்ட்ராக்டு. அவன் கெஞ்சியதால் சுகிர்தம் போய்ப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள். வக்கீலுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். “உலக சினிமாவைத் தென்காசிச் சீமைக்குக் கொண்டுவந்த முன்னோடி” என்று தாசில்தார் மைக்கில் முழங்கினார். ‘தாய்மையின் காவியம்’ ஒன்றைக் காட்டி, பார்த்தவர்களை எல்லாம் கண்கலங்க வைத்தாராம். அன்றைக்கு முதலில் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் இந்தத் தாசில்தார்தான்.

சுகிர்தம் எழுந்து நின்றாள்.

“வக்கீல் சார், அந்தப் படத்துக்கு முடிவு என்ன?”

பந்தல் திரும்பிப் பார்த்தது. வக்கீல் பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டார். 

“நல்ல கேள்வி. உலக சினிமாவில் முடிவு என்று ஒன்று கிடையாது. முடிவு ரசிகனின் உள்ளத்தில் இருக்கிறது!”

கைதட்டல் அடங்கவே இல்லை. சுகிர்தம் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றபடி வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டார்கள். அவள் குடையை எடுத்துக்கொண்டு, தம்பி கூப்பிடுவதைக் காதில் வாங்காமல், சாரலில் இறங்கிப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் கேசட் இரவல் தரவில்லை. மழைக்காலத்தில் நாடாவில் பூக்கும் வெள்ளைப் பூசணத்தைப் புண்ணைத் துடைப்பதுபோல ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துத் துடைத்துக் காப்பாற்றினாள். பார்க்க ஆசைப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம், வாயை மூடிக்கொண்டு கடைசிவரைக்கும் உட்கார்ந்திருந்தால் காப்பி உண்டு என்று சொல்லியிருந்தாள். பெரும்பாலான ஞாயிறுகளில் அவள் தனக்கென்று ஒரு தம்ளர் காப்பிதான் போட வேண்டியிருந்தது.