மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய பொட்டுகள்

தொண்ணூறுகளின் கடைசியில் திருப்பதியில் ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கி, நகரியில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே கல்யாணப் பத்திரிகை டைப் செய்துகொடுக்க ஆரம்பித்தேன். அதன் மேல் தூசு பட்டால்கூட எனக்கு மனசு தாங்காது. என் மனைவியோ முகம் கழுவப் போகும்போதெல்லாம் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டுவாள். அதை மறந்துவிட்டு, புதுசு ஒன்று வைத்துக்கொள்வாள்.

"இது இன்னா கண்ணாடியா? எத்தினி வாட்டி சொல்லிக்கினு இருக்கேன்!" என்று கத்துவேன்.

"ஆஃப் பண்ணா மொகம் தெரியுதே மாமா, அப்போ கண்ணாடிதானே?" என்பாள்.

பத்திரிகை வருமானம் போதாமல் அவள் வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். கிளம்பிய அன்றும் பொட்டுக்காகத் திட்டித்தான் அனுப்பினேன், பாவி! ஆறு வருஷமாக அது உறுத்திக்கொண்டே இருந்தது. பொட்டுகளைப் பிய்க்கவும் மனசு வரவில்லை. ஊருக்கு வருகிறாள் என்று போன் வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அவற்றைப் பார்த்தால் அந்தச் சண்டைதானே அவளுக்கு ஞாபகம் வரும்?

பிய்த்தேன். பொட்டின் வெல்வெட் துணி மட்டும் வந்தது, பிசின் நின்றுவிட்டது. பின்பக்கம் ஒரு சொட்டு பெயிண்ட் தின்னர் வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் இளகி விரல் ரேகையே பதிந்தது. நல்லவேளை, முன்பக்கம் வைக்கவில்லை. புது எவர்சில்வர் பாத்திரத்து ஸ்டிக்கரை அவள் எப்படி எடுப்பாள் என்று யோசித்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஊறவைத்தேன். பழைய போன் கார்டால் மெல்லச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தேன். பிசுக்கு போயே போச்சு.

ஆனால் பொட்டு போகவில்லை! ஒட்டியிருந்த இடமெல்லாம் வட்ட வட்டமாக வெள்ளை. கெடுத்துவிட்டோமே என்று திரும்பவும் துடைத்துப் பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது. ஜன்னல் வெயிலில் மானிட்டர் முழுக்க மஞ்சளடித்திருக்கிறது. பொட்டு மூடிய இடம் மட்டும் வாங்கிய அன்றைய நிறத்திலேயே இருக்கிறது. தினமும் எதிரில் உட்கார்ந்த எனக்கு அது மஞ்சளானதே தெரியவில்லை.

மறுநாள் வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"இன்னா மாமா, என் பொட்டெல்லாம் பிச்சிப் போட்டுட்டியா?" என்றாள். கிட்டே போய் விரலால் தடவினாள். "எங்க போச்சு? எல்லாம் இங்கயேதான் கீது." கண் கலங்கிவிட்டது அவளுக்கு, எனக்கும்தான்.

முகம் கழுவப் போகுமுன் நெற்றிப் பொட்டை எடுத்து, ஒரு வெள்ளை வட்டத்தின் மேல் சரியாக ஒட்டினாள். ஆறு வருஷ வெயிலிலும் அவள் விரல் பட்ட இடம் மட்டும் மாறாமல் இருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.