முதலில் வந்த புளி

பாலக்கோட்டில் நானும் என் மனைவி செல்வியும் புளி மொத்த வியாபாரம் செய்கிறோம். கடந்த தை மாதம், புதுப்புளி வரும் முன்பே குடோனுக்கு இரும்பு ரேக் வாங்கப் போனோம். ஒன்றன் பின் ஒன்றாக, நடுவே வழியே விடாமல் மூட்டைகளை அடுக்கும் ரேக் எனக்குப் பிடித்துவிட்டது. நிறையக் கொள்ளும். அட்வான்ஸ் கொடுக்கப் போனேன்.

“மொதல்ல வெச்ச மூட்டைய எப்படிங்க எடுக்கறது?” என்று செல்வி கடைக்காரரைக் கேட்டாள்.

“முன்னால இருக்கறதயெல்லாம் எறக்குனாத்தாங்க.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “தெனமும் டைரி எழுதறீங்களே, உள்ள மாட்டுன புளி கறுத்துப்போற தேதியையும் எழுதுவீங்களா?”

கடைக்காரரே சிரித்துவிட்டார். எந்த மூட்டையையும் நேராக எடுக்கும்படி நடுவே வழி விட்ட ரேக்கை வாங்கினோம். கொள்வது குறைவுதான். ஆனால் முதலில் வந்த புளி, நிறம் மாறும் முன்பே விற்றுத் தீர்ந்தது.

இப்போது எதை வாங்கினாலும் முதலில் செல்வியின் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். போன வாரம் பீரோ கடையில், “மொதல்ல வெச்ச சேலைய எப்படிங்க எடுக்கறது?” என்றேன். செல்வி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.