அக்காவின் ரகசிய எண்

என் அக்காவுக்குப் பார்வை கிடையாது. போன் திரையை வாசித்துச் சொல்லும் குரலை வைத்தே எல்லாம் செய்துகொள்வாள். வங்கிச் செயலியில் ரகசிய எண் கேட்கும் பக்கம் வந்தால் மட்டும் அந்தக் குரல் நின்றுவிடும். கரண்ட் பில்லுக்குக் கடைசி நாளன்று பழங்காநத்தம் கிளைக்குப் போய் முறையிட்டோம்.

“படிச்ச தம்பி இருக்காருல்ல, அவர்ட்ட நம்பரச் சொல்லுங்கம்மா,” என்றார் அதிகாரி. அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று குறுஞ்செய்தி அனுப்புவதும் அதே வங்கிதான்.

வீட்டில் முதலில் படித்தவன் நான். எல்லோருடைய படிவத்தையும் நிரப்புகிறவன். பெருமையோடு அக்காவின் போனுக்குக் கையை நீட்டினேன்.

“எஞ் சம்பளம் எங்க போகுதுன்னு நீ எதுக்குடா பாக்கணும்? ஒங் கணக்க நான் பாக்குறேனா?” என்றாள் அக்கா. அதிகாரி சிரித்தார்.

வேறு வழியில்லாமல் பஸ் ஸ்டாப்பில் என் காதருகே நான்கு எண்களைச் சொன்னாள். பில் கட்டியாயிற்று. அந்த எண்கள்தான் எனக்கு மறந்து தொலைய மாட்டேன் என்கின்றன.