அருளப்பன் அண்ணாச்சி பிரித்த வெளிநாட்டுப் பொட்டலம்

அருளப்பன் அண்ணாச்சி போய்விட்டார் என்று அவருடைய மைத்துனர் சேவியர் ஃபோனில் சொன்னபோது நான் எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி திரும்பும் பஸ்ஸில் இருந்தேன். மடியில் பேப்பர் விரிந்திருந்தது. விமானம் ஏதும் விழுந்த செய்தி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். கேட்க ஆளில்லை என்று தெரிந்த பிறகும் கடைசிப் பக்கம் வரை பார்த்து முடித்துவிட்டுத்தான் மடித்து வைத்தேன்.

அவர் ஏன் அதைக் கேட்பார் என்று ஊரில் பலருக்குத் தெரியாது. பைத்தியம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

அண்ணாச்சி விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். சக்கரம் இறங்குவது, ஏறுவது, பிரேக் பிடிப்பது எல்லாம் அவர் பார்த்த வேலை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, தீப்பெட்டி ஆபீஸ்களுக்குப் பின்னால் ஒரு ரப்பர் பட்டறை போட்டார். பம்புசெட்டு வாசர், தீப்பெட்டி மிஷினுக்கு உருளை என்று ரப்பரில் எது கேட்டாலும் செய்து கொடுத்தோம். அடக்கம் என்ற சொல்லுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். "நம்ம வாசரைப் போட்டவன் கிணறு வத்துனாத்தான் பம்பை நிறுத்துவான்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவார். அவர் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேசினால் தெருமுனை வரை கேட்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சோவியத்து நாடு உடைந்தது. அங்கிருந்து வரவேண்டிய உதிரிச் சாமான்கள் தாமதமாயின. சக்கரத்தை இறக்கும் கருவிக்குள் போடுகிற, கைக்குள் அடங்கும் ரப்பர் வளையம் வராமல் விமானம் சும்மா நிற்கிறது என்று, இன்னும் படையில் வேலை பார்த்துவந்த சேவியர் சொன்னதும் அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சரியான ரப்பரைத் தேடிப் பிடித்து வளையம் அடித்தார். பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினார். 'சோதித்துப் பாருங்கள், தேறாவிட்டால் தூக்கி எறியுங்கள்' என்பதுதான் அவர் கேட்டது. வெளிநாட்டிலிருந்து வாங்குவதுதான் வழக்கம் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனார். மறுபடி அனுப்பினார்கள்.

"சாமான் எப்படின்னு ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான்லே லிங்கம். நீ யாரு ஆளுன்னுதான் கேக்குதான்" என்றார், திரும்பி வந்து பையை மேஜையில் எறிந்துவிட்டு.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஒரு தரகர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, சிரித்த முகம். பஞ்சு பேல் கட்டும், தண்ணீர் அழுத்தத்தில் ஓடும் பிரஸ்ஸுக்கு வளையம் வேண்டும் என்றார். கரிசல் காட்டில் பஞ்சு பிரஸ்ஸுக்கு வளையம் கேட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்? விமானத்துக்கு அடித்த அதே அளவு வளையம் எத்தனையோ மிஷினில் உண்டு. தண்ணீருக்கு ஏற்ற ரப்பரில் அடித்துக் கொடுத்தோம். ஆர்டர் மேல் ஆர்டர் வந்தது. பட்டறையில் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள், என் மகளை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பினேன்.

வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கச் சாக்பொடி தூவுவது வழக்கம். அது கையை எரிக்கிறது, இருமல் வருகிறது என்று பேச்சியம்மாளும் மற்றப் பெண்களும் கடைவீதியில் கிடைக்கும் மல்லிகை வாசனைப் பவுடரைக் கலந்துவிட்டார்கள். கண்டுபிடித்த அன்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் பட்டறைத் தகரம் அதிர்ந்தது.

"ஏட்டி, வாசருக்குப் பவுடர் அடிச்சு மாப்பிள்ளை வீட்டுக்கா அனுப்புதீங்க?"

"ஒட்டாம இருந்தாப் போதும்லா அண்ணாச்சி" என்றாள் பேச்சியம்மாள், தலை நிமிராமல். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். பவுடர் நிலைத்துவிட்டது.

மாதா கோவில் திருவிழாவுக்கு லீவில் வந்த சேவியர், மேலதிகாரியிடம் கேட்டு மாதிரிக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். மேலே நமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து, சிவப்பு முத்திரை.

"அத்தான், இது அசல் ஃபாரின் சாமான். இப்பம்தான் வந்து இறங்கியிருக்கு. இது மாதிரி நம்மளால செய்ய ஏலுமான்னு பாருங்க."

அண்ணாச்சி பிரித்தார். மூக்கருகே கொண்டுபோனார். என்னிடம் நீட்டினார். நானும் முகர்ந்தேன். பிறகு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏட்டி பேச்சி, இங்கன வா. இது என்ன வாசம்?"

"நம்ம பவுடர்தான். இதுல என்ன கேள்வி?"

அந்த நிமிஷத்தில் அவருடைய சிரிப்பு நின்றது. வளையத்தை விரலால் இழுத்துப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"லிங்கம், இது அந்தத் தரகருக்கு நாம தண்ணிக்கு அடிச்ச ரப்பர்லே. அங்கன ஓடுறது எண்ணெய். எண்ணெயில கிடந்தா இட்லி மாதிரி உப்பிரும். சக்கரம் இறங்காது. மேல இருக்க பையன் என்ன செய்வான்?"

திருவிழாச் சப்பரம் புறப்படுவதற்குள் அவரும் சேவியரும் ரயில்வே ஸ்டேஷனில் நின்றார்கள். சேவியர் வேலை பார்த்த இடத்தில் அந்த வளையங்கள் வந்த பெட்டிகளை நிறுத்தி வைத்தார்கள்; அதுவரைக்கும் நல்லது. வேறு எங்கெங்கே போயிருக்கிறது என்று அண்ணாச்சி கேட்டார். அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர் ஊர் திரும்பிய கையோடு தரகரும் வந்துவிட்டார். அதே சிரிப்பு. இதைப் பெரிதாக்காவிட்டால் இனிமேல் விமானத்துக்கான ஆர்டரே உங்கள் பட்டறைப் பேரில் வரும், முறையாகச் சோதித்தே வாங்குவார்கள், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அண்ணாச்சி வருஷக்கணக்காக அலைந்து கேட்டது அதைத்தான். ஒத்துக்கொள்ளுங்கள் என்று நான் அண்ணாச்சிக்குக் கண்ணைக் காட்டினேன்.

"மத்த பெட்டியெல்லாம் எங்க போச்சுன்னு சொல்லும். பிறகு பேசுவோம்" என்றார் அண்ணாச்சி.

தரகர் வாட்சைப் பார்த்தார். அண்ணாச்சி அவரைத் தோளைப் பிடித்து வாசல் வரை கொண்டுபோய் விட்டார். என்னிடம் திரும்பி, "கண்ணைக் காட்டுதியாலே? உன் பிள்ளை அதுல பறந்தா காட்டுவியா?" என்றார்.

விசாரணை நடந்தது. தரமில்லாத சாமான் செய்தவர்கள் என்று பழி எங்கள் பட்டறை மேல் விழுந்தது. தரகருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு பெயரில் கம்பெனி தொடங்கிவிட்டதாகச் சேவியர் கேள்விப்பட்டார். நாங்கள் பம்புசெட்டு வாசருக்கே திரும்பினோம்.

அண்ணாச்சி அந்தப் பழிக்காகக் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை. அவரை அரித்தது அந்தப் பெட்டிகள்தான். எங்கோ விமானம் விழுந்தது என்று பேப்பரில் வந்தால் போதும், செருப்பைக்கூட மாட்டாமல் டெலிபோன் பூத்துக்கு ஓடுவார். "சேவியரு, சக்கரம் இறங்குச்சாலே?" "அது வேற கோளாறு அத்தான்." "எனக்காகப் பொய் சொல்லுதியா?" ஒவ்வொரு முறையும் இதே பேச்சு. பிறகு பட்டறைக்கும் ரோட்டுக்குமாக நடப்பார். அவர் மனைவி மரியபுஷ்பம் மதினி கூப்பிட்டாலும் சாப்பிட வரமாட்டார். வயது ஏறியும் அந்த நடை குறையவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லிங்கம், அந்தப் பெட்டியெல்லாம் இப்பம் தீர்ந்திருக்கும்லா?"

"தீர்ந்திருக்கும் அண்ணாச்சி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. சேவியருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனபோது அவரைக் குளிப்பாட்டி, கோட்டு மாட்டிப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். அசையாமல் கிடக்கும் அண்ணாச்சியைப் பார்க்க எனக்குப் பழக்கமில்லை. பேச்சியம்மாள் தலைமாட்டில் நின்று அவர் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். மதினிதான் போடச் சொன்னார்களாம். அதே மல்லிகைப் பவுடர். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்னை அடக்கிக்கொள்ள முடியவில்லை, சின்னப் பிள்ளையைப் போல அழுதேன்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுச் சேவியரும் நானும் நடந்து வந்தோம். வழியில் ஒரு கடையில் மாலைப் பேப்பர் தொங்கியது. வாங்கி, ரோட்டோரம் நின்றபடியே இரண்டு பேரும் கடைசிப் பக்கம் வரை பார்த்தோம்.

இன்றைக்கு ஒன்றும் விழவில்லை அண்ணாச்சி. நாளைக்கும் நான் பார்க்கிறேன். நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள்.